பாரம் நிற்கும் காலைத் திருப்பாதே

கஸ்தூரி என்ற என் மாணவிக்குக் காலைத் திருப்பும் ஓர் அடியைத் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். மறதியால் அல்ல, அறியாமையாலும் அல்ல. சரியான அடி எனக்குத் தெரியும். தவறான அடி பல வருடங்களில் ஒரு முட்டியை என்ன செய்யும் என்பதும் தெரியும். தெரிந்தே கொடுத்தேன். அதை ஒரு பரிசு போலக் கொடுத்தேன்.

நீங்கள் ஆறு பேரும் இந்த ஆண்டுதான் தனியாக வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். கற்பிப்பது பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் மாஸ்டர் என்று கேட்டீர்கள். முட்டி மடித்து நிற்கும் குதிரை நிலையில் எத்தனை நிமிடம் நிற்க வைப்பது, மழை வந்தால் எந்த மண்டபத்துக்கு ஓடுவது என்பதையெல்லாம் நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். நானும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். உங்களால் தனியாகக் கண்டுபிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதை மட்டும் எழுதுகிறேன்.

உங்களில் சிலருக்கு என் பழைய கதை தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். தினமும் காலையில் பள்ளி மணி அடிக்குமுன் அங்கே மைதானத்தில் தாய் ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்தேன். ஊரில் அதை 'ஸ்லோமோஷன் கராத்தே' என்றார்கள். நான் திருத்துவதில்லை. கராத்தே என்று நினைத்து வந்தவர்கள்தான் பிறகு பல வருடம் நின்றார்கள்.

எனக்குக் கற்றுத்தந்தவர் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த சீனர். பம்மலில் ஒரு தோல் தொழிற்சாலைக்குப் பதனிடும் வேலை தெரிந்தவராக வந்து சேர்ந்தார். தோல் காயவைக்கும் முற்றத்தில், அந்த நாற்றத்தின் நடுவே, பதினோரு வருடம் அவரிடம் கற்றேன். தன் பெயரை எந்தப் பலகையிலும் எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் இங்கேயும் எழுதவில்லை. இந்தியும் தமிழும் கலந்து பேசுவார். அவர் அதிகமாகச் சொன்ன வாக்கியம், "காலி பண்ணு. அப்புறம் திருப்பு."

அடிகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்யும் நம் நீண்ட வரிசையில் உடல் பலமுறை மூலை திரும்புகிறது. அப்போது முன்காலை உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். திருப்புமுன் எடை முழுவதையும் பின்காலுக்குக் கொண்டுபோகிறோம். முன்கால் காலியாகிறது. காலியான காலைக் குதிகாலில் திருப்பி, பிறகு மறுபடி எடையை ஏற்றுகிறோம். ஒரு மூச்சு நேரம்தான். பார்ப்பவர்களுக்கு அது தயக்கம் போலக்கூடத் தெரியும். எடை நிற்கும்போதே திருப்பினால் பாதம் ஒரு பக்கமும் தொடை ஒரு பக்கமும் போகப் பார்க்கும், நடுவில் இருக்கும் முட்டி அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. தினமும் செய்தால் ஆகும். எடையோடு திருப்பும் வேறு மரபுகள் உண்டு. அவர்கள் அதற்கென்று இடுப்பைப் பல வருடம் தயார் செய்கிறார்கள். நாம் செய்வதில்லை. வேறு மரபில் அப்படி உண்டு என்ற இந்த உண்மையைத்தான் என் பொய்க்குப் போர்வையாகப் போட்டேன்.

கஸ்தூரி வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. கடற்கரைச் சாலையில் ஒரு மீனவர் குப்பம் சொந்த ஊர். அம்மாவுக்குப் பின்னால் தலையில் மீன்கூடையோடு மணலில் நடந்து வளர்ந்தவள். பிறகு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தாள். முதல் நாள் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மாஸ்டர், இத்த ஏன் இவ்ளோ மெதுவா பண்றீங்கோ? இப்டி நடந்தா என் கம்பெனி பஸ்ஸு பூடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறு வருடத்தில் அவள் என்னைத் தாண்டினாள். எப்படித் தெரிந்தது என்றால், ஒரு சனிக்கிழமை காலை இருவரும் கை தள்ளும் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி, எதிராளி எங்கே கனமாக இருக்கிறார் என்று கையாலேயே கேட்கும் பயிற்சி. நான் தள்ளினேன். அங்கே யாருமே இல்லாதது போல இருந்தது. அடுத்த கணம் நான் பின்னால் இரண்டடி போய்க் குடிதண்ணீர்த் தொட்டியில் இடித்து நின்றேன். யாரோ கை தட்டினார்கள். கஸ்தூரி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"மண்ணு ஈரமா கீது மாஸ்டர். கால் வழுக்கிச்சா?"

மண் ஈரமாக இல்லை. மற்றவர்கள் காதில் விழட்டும் என்று எனக்காக ஒரு காரணம் செய்து தந்தாள். அவள் தள்ளியதைத் தாங்கிக்கொண்டேன். அந்தக் கரிசனத்தைத் தாங்க முடியவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு மாணவர் வருவார். வராவிட்டால் நீங்கள் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். அந்த நாளில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், 'இன்று நீ என்னைத் தள்ளினாய்' என்று. நான்கு வார்த்தை. எல்லார் முன்னாலும். நான் "ஆமா, வழுக்கிடுச்சு" என்றேன். பொய் அங்கேதான் தொடங்கியது. மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி.

சில மாதம் கழித்து அவள் ஒரு கோரிக்கையோடு வந்தாள்.

"எங்க லைன்ல பொம்பளைங்கோ எட்டு மணி நேரம் நின்னுகினே கீறாங்க மாஸ்டர். இடுப்பு, காலு எல்லாம் பேஜாரு. அவுங்களுக்கு இத்த சொல்லிக்குட்த்தா நல்லாருக்கும். நீங்க சரின்னா சிங்கப்பெருமாள் கோவில்ல ஒரு கிளாஸ் வெச்சிக்கிறேன். இல்லாங்காட்டி வேணாம்."

நான் சரி என்றேன். அப்படியானால் முறைப்படி உங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறேன் என்றாள்.

இந்த மரபில் அது பெரிய விஷயம். மாணவர் இரண்டு கையாலும் தேநீர் நீட்டுகிறார். ஆசிரியர் வாங்கிக் குடித்துவிட்டால் அன்றிலிருந்து அவர் வகுப்பு மாணவர் அல்ல, வீட்டு ஆள். உள்மாணவர் என்போம். அன்று ஆசிரியர், பொது வகுப்பில் கொடுக்காத ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும். கஸ்தூரி பர்மா பஜாரில் தேடி, மூடி போட்ட பீங்கான் கோப்பை ஒன்று வாங்கி வந்திருந்தாள். என் மனைவி தேநீர் போட்டாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் கஸ்தூரி நீட்ட, நான் குடித்தேன்.

பிறகு சொன்னேன். "இதுவரைக்கும் நீ கத்துக்கிட்டது வகுப்புக்கு. உள்மாணவர் பண்றது வேற. எடையை எடுக்காமலே திருப்பணும். அதுதான் மேல்நிலை. எல்லாருக்கும் குடுக்காதே. நம்பிக்கையானவங்களுக்கு மட்டும்."

அவள் அங்கேயே மூன்று முறை செய்து பார்த்தாள்.

"முட்டில கொஞ்சம் புடிக்குதே மாஸ்டர்?"

"பழகிடும்," என்றேன்.

பழைய ஆசான்கள் எல்லாரும் ஒன்றைக் கைக்குள் வைத்துக்கொண்டவர்கள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சமாதானம்தான். என்னிடம் மட்டும் இருக்கும் ஒன்று வேண்டும் என்று விரும்பினேன். அவள் வரிசை என்னுடையதைவிடச் சற்று விறைப்பாக, ஒரு படி கீழாகத் தெரிய வேண்டும் என்றும் விரும்பினேன். முட்டியைப் பற்றி நினைக்கவில்லை என்று எழுத ஆசைதான். நினைத்தேன். நினைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன்.

ஒன்பது வருடம் போனது. நான் ஓய்வு பெற்றேன். கஸ்தூரியின் வகுப்பு வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுபது பேர் வருகிறார்கள், பாதிக்கு மேல் லைனில் நிற்கும் பெண்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் ஆண்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் என்னை வரவேற்கக் கஸ்தூரி படியிறங்கி வந்தாள். பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக வந்தாள். அவளுக்கு வயது நாற்பத்தொன்றுதான்.

முதலில் அறுபது பேரும் வரிசை செய்தார்கள். காலி செய்து திருப்பினார்கள். என் ஆசிரியர் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார். பிறகு கஸ்தூரி மைக்கில் சொன்னாள்: "இப்போ வர்றது அஞ்சி பேரு. எங்க மாஸ்டர் எனக்கு வூட்ல வெச்சிக் குட்த்தத நான் இவுங்களுக்குத்தான் குட்த்துக்கீறேன்."

ஐந்து பேர் வந்தார்கள். அழகாகச் செய்தார்கள். ஒவ்வொரு மூலையிலும் ஐந்து பேரும் எடையோடு திருப்பினார்கள். இரண்டு பேர் முட்டிக்கு உறை போட்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற லதா என்ற பெண் ஒவ்வொரு திருப்பத்திலும் உதட்டைக் கடித்தாள்.

கஸ்தூரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன், "அந்தப் பொண்ணுக்கு முட்டில என்ன?"

"லதாவா? ஜவ்வு லேசா கிழிஞ்சிக்கீதுன்னு ஸ்கேன்ல சொன்னாங்கோ. லைன்ல நிக்க கஷ்டப்படுது. அடுத்த மாசம் அதுக்குக் காண்ட்ராக்ட் புதுசு பண்ணணும், நின்னாத்தான் கம்பெனிக்காரன் பண்ணுவான். ஆனா பயிற்சிய வுடாது மாஸ்டர், அவ்ளோ புடிவாதம். நானும் சொல்லிக்கினேதான் கீறேன், பழகிடும்னு."

அப்போது என்னைப் பேச அழைத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நான் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். பணிவைப் பற்றிப் பேசினேன்.

நெருக்கடியில் தீர்மானம் எடுப்பது பற்றி நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள், கத்தியோடு ஒருவன் வந்தால் என்ன செய்வது என்பது போல. ஐம்பது வருடத்தில் என்மேல் யாரும் கத்தியோடு வரவில்லை. வந்த நெருக்கடி ஒரு மைக்தான். அதில் தோற்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பையிலிருந்து பொன்னாடையை எடுத்து மடித்துக்கொண்டே, "மரியாதை பண்ணி அனுப்பிருக்காங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெடுநேரம் மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணுக்காக ஏலக்காய் தட்டிப் போட்டு டீ போட்டது நான்," என்றாள். "எப்ப போறீங்க?"

அடுத்த ஞாயிறு விடிகாலையில், முதல் ரயிலைப் பிடித்துச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் பள்ளி மைதானத்தில் வகுப்பு. அறுபது பேர் வருமுன் அந்த ஐந்து பேரும் கஸ்தூரியும் தனியாகப் பயிற்சி செய்வார்கள். அவளைத் தனியே அழைத்துச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ரயிலில் ஊரப்பாக்கம் தாண்டும்போது அது தவறு என்று புரிந்தது. தனியாகச் சொன்னால் பாரம் அவள்மேல் ஏறும். எனக்காக மறைப்பதா, என்னைக் காட்டிக்கொடுப்பதா என்று அவள் தீர்மானிக்க வேண்டியிருக்கும். அதனால் கஸ்தூரி, அந்த ஐந்து பேர் என எல்லார் முன்னாலும் நின்றபடியே சொன்னேன். தொட்டியில் இடித்ததிலிருந்து தொடங்கி, பழகிடும் என்ற சொல் வரை.

முருகேசன் என்ற ஒருவர் சிரித்துவிட்டார். "அக்கா, மாஸ்டர் டெஸ்ட் பண்றாரு. நாம நம்பறோமான்னு பாக்குறாரு."

நம் தொழிலின் ஆபத்தைப் பாருங்கள். ஆசிரியர் தவறை ஒப்புக்கொண்டால்கூட அது ஏதோ ஆழமான பாடம் என்றுதான் மாணவர் நினைக்கிறார்.

"டெஸ்ட் இல்லப்பா," என்றேன். "தப்பு. பொறாமையில பண்ணது."

கஸ்தூரி என் எதிரில் வந்து நின்றாள். சரியான அடியைச் செய்து காட்டச் சொன்னாள். செய்தேன். காலி செய்து, திருப்பி, எடையை ஏற்றினேன்.

"இது நான் உங்க கிளாஸ்ல மொத வருசம் கத்துக்கினது," என்றாள். "அறுவது பேருக்கும் இத்தத்தான் குட்த்துக்கீறேன். அப்போ சும்மா வந்து நிக்கறவனுக்கு நல்லத குட்த்தீங்கோ. டீ குட்த்தவளுக்கு இத்த குட்த்தீங்கோ."

"ஆமா."

"நான் கோப்பைய நீட்டிக்கினு நின்னேனே, அப்போ இன்னா நெனச்சிக்கினு இருந்தீங்க?"

"நீ என்னைத் தள்ளினதை."

அவள் லதாவைப் பார்த்தாள். லதா தன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "எனக்குக் குட்த்தது உங்க கைதான்கா," என்று கஸ்தூரியிடம் சொன்னாள். கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். நான் செய்த தவறுக்கான சொல் கஸ்தூரிமேல் விழுந்தது. நான் கண்ட காட்சிகளில் மறக்க முடியாதது அதுதான்.

"நீங்க போங்க சார்," என்றாள் கஸ்தூரி. பதினைந்து வருடத்தில் முதல்முறையாக சார்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். "வாங்க. நீங்க கெட்த்தத நீங்களே சரி பண்ணுங்க. ஆனா முன்னாடி நிக்கக் கூடாது."

போனேன். மைதானச் சுவரில் கரும்பலகைக்கு மேல் முன்பு எங்கள் மரபின் ஆசிரியர் வரிசை எழுதியிருந்தது, என் பெயரும் அதில் இருந்தது. அதன்மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். அந்த இடத்தில், 'இங்கே ஒளித்துச் சொல்லிக்கொடுப்பது எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது. கஸ்தூரியின் கையெழுத்து.

பின்வரிசையில் நின்று, மீதி நான்கு பேரின் காலை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இருபத்திரண்டு மாதம் ஆயிற்று. ஒரு கால் பல வருடம் பழகியதைத் துறப்பது கற்பதைவிட மெல்ல நடக்கிறது. சரியாகச் செய்யும்போதெல்லாம் விழுந்துவிடுவோம் என்று உடல் பயப்படுகிறது. மண்ணில் குந்தி, அவர்கள் பாதத்தைப் பிடித்து, "இன்னும் எடை இருக்கு, இன்னும் இருக்கு, இப்ப இல்ல, இப்ப திருப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஞாயிறுதோறும் எங்கள் தேவாலயத்தில் காலை ஆராதனைக்குப் பதில் மாலை ஆராதனைக்குப் போனேன். அதே நாட்களில் தாம்பரத்தில் என் பழைய மாணவர்கள் எல்லாரையும் கூட்டி இதைச் சொன்னேன். சிலர் அதன்பின் வரவில்லை. அது சரிதான்.

நான்கில் மூன்று பேருக்கு வலி போய்விட்டது. முருகேசனுக்கு மழைக்காலத்தில் வருகிறது. லதா திரும்பி வரவில்லை. மன்னிப்புக் கேட்டு இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது முறை அவள் கணவர் வாசலிலேயே நின்று, "அவ பாக்க விரும்பல சார், வுட்ருங்க" என்றார். விட்டுவிட்டேன். காண்ட்ராக்ட் முடியுமுன் கஸ்தூரி லைன் பொறுப்பாளரிடம் நாலைந்து முறை சண்டை போட்டு, லதாவுக்கு உட்கார்ந்து பார்க்கும் சோதனைப் பிரிவில் இடம் வாங்கித் தந்தாள். அதில் என் பங்கு எதுவும் இல்லை. கஸ்தூரியின் வலது முட்டி இனி முழுமையாகச் சரியாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவள் என்னிடம் தன் அடியைத் திருத்தச் சொல்லிக் கேட்டதே இல்லை. நான் பின்வரிசையில் மற்றவர்களோடு இருக்கும்போது முன்னால் தன் வேலையைப் பார்ப்பாள். இருபதாவது மாதத்தில் ஒருநாள் நிமிர்ந்தபோது பார்த்தேன். அவள் வலது காலைக் காலி செய்தாள். ஒரு மூச்சு நின்றாள். திருப்பினாள். என்னைவிட நன்றாக இருந்தது. "கஸ்தூரி," என்று கூப்பிட்டேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "என்னைவிட நல்லா பண்றே." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும் சார்," என்றாள். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

கைக்குள் ஒன்றை வைத்துக்கொள்வது உங்களைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலி பண்ணு, அப்புறம் திருப்பு என்று என் ஆசிரியர் சொன்னது காலைப் பற்றித்தான் என்று நினைத்திருந்தேன். உங்களிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுங்கள், முதல் வருடத்திலேயே, கடைசி வரிசையில் நிற்பவருக்கும். அதன்பிறகுதான் நீங்கள் நகர முடியும்.

கடைசி ஞாயிறு, நான்கு பேரின் காலும் சரியாகிவிட்டது, இனி நான் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்டேஷன் வாசலில் இருக்கும் டீக்கடை வரை கஸ்தூரி கூட நடந்து வந்தாள். மெதுவாக நடந்தோம், இருவருக்கும் அதுதான் முடிந்தது. அவள் இரண்டு டீ சொன்னாள். காகிதக் கோப்பையை நுனியில் பிடித்து ஒரு கையால் நீட்டினாள். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சார் யோசிக்கிறீங்கோ? இது வெறும் டீதான். சூடு ஆறிடும், குடிங்க."

வாங்கிக் குடித்தேன். செங்கல்பட்டிலிருந்து வந்த ரயில் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. "ஓடாதீங்க, அடுத்தது வரும்," என்றாள். நின்றோம்.